மடியில் ஓர் இடம்

லிபியாவில் பிறந்து, 1978-இல் படிப்புக்காக அமெரிக்கா போனவர் முகமது பிஸீக். 1989 முதல், மனைவி டானுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வளர்ப்புப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டைத் திறந்துவைத்தார். பின்னாளில், இனிப் பிழைக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட குழந்தைகளை மட்டுமே இருவரும் ஏற்றார்கள். பிரியப்போகிறது என்று தெரிந்தே ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2017-க்குள் சுமார் பத்துக் குழந்தைகளை அடக்கம் செய்திருந்தார். சிலர் அவர் கைகளிலேயே கண் மூடியவர்கள். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒரு சிறுமியை ஓயாமல் தொட்டுக்கொண்டும் அணைத்துக்கொண்டும் இருந்தார். தான் தனியாக இல்லை என்று அவளுக்குத் தெரியவேண்டுமே. மனைவி இறந்த பிறகும், தனக்கே புற்றுநோய் வந்தபோதும் அவர் இந்தப் பணியை விடவில்லை.