கோடும் புள்ளியும்

சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் இப்படியொரு தீர்மானத்தோடுதான் திரும்புகிறார்கள். கூடவே கோபத்தைக் குறைப்பது, ஜெப நேரத்தைக் கூட்டுவது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால், ஆன்ம வளர்ச்சிக்கு இலக்கு வைக்கலாமா என்ற கேள்வி கேலியில் தீர்ந்துபோகிற ஒன்றல்ல.

இந்தக் காரியத்தை மிகக் கறாராகச் செய்து காட்டியவர் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1548இல் அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூல் சொல்லும் முறை இது: ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை நினைத்துக்கொண்டு, மதியமும் இரவும் கணக்குப் பார்க்க வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு. தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. இன்றையதை நேற்றோடும் இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களுக்குக் கட்டம் போட்டுக் கறுப்புப் புள்ளி வைத்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஃபிராங்க்ளினுக்குப் புள்ளி குறைவது தன் சாமர்த்தியம். இஞ்ஞாசியாருக்கு அதுவும் கேட்டுப் பெறவேண்டிய கிருபை.

லூக்கா சுவிசேஷத்துப் பரிசேயனும் இலக்கு வைத்து எட்டியவன். வாரத்துக்கு இரண்டு உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அவன் பொய் சொல்லவில்லை. நீதிமானாக வீடு திரும்பியது என்னவோ கணக்கே வைக்காத ஆயக்காரன். அதே புதிய ஏற்பாட்டில் பவுல் தன்னைப் பந்தயத்தில் ஓடுகிறவனாகச் சொல்லிக்கொள்கிறார். இலக்கு சரி, கர்வம்தான் தப்பு என்று பிரசங்கிகள் இரண்டையும் சமாதானப்படுத்திவிடுவார்கள். எனக்கு இது போதவில்லை. கர்வம் நோட்டுப் புத்தகத்துக்குச் சொந்தக்காரனின் வியாதி. அந்த நோட்டுப் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றி இந்தச் சமாதானம் பேசுவதில்லை.

மீமிசலிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே தொண்டிப் பக்கம் போய் மேற்கே உள்ளே திரும்பினால் ஓரியூர். அருளானந்தர் என்று தமிழ்ப்பெயர் பூண்ட ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, சாம்பல் புதனன்று, தலை வெட்டப்பட்ட இடம். லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். மறவர் சீமையில் 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, ஐரோப்பா போய், 1690இல் இங்கேயே திரும்பி வந்தவர். வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தே வந்தவர்.

தடியத்தேவர் என்ற மறவர் குலப் பிரமுகர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனையில் முறையிட்டாள். 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். திருச்சபை அவரை 1947இல் புனிதர் என்று அறிவித்தது.

தடியத்தேவரின் ஆன்மாவில் அன்று ஒரு பெரிய புள்ளி அழிந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏகபத்தினி நியமத்தையும் நான் குறைசொல்லவில்லை. பலதார மணத்துக்கு வக்காலத்து வாங்க யாருக்கும் இங்கே அவசியமில்லை. ஆனால் ஒரு ஆணின் ஆன்ம முன்னேற்றத்தில் ஒரு படி என்பது, சில பெண்களுக்கு ஒரே நாளில் மனைவி என்ற ஸ்தானம் போனது. புதிய வேதத்தை வேண்டியவர் அவர். வேண்டாதவர்கள் அதன் விலையில் ஒரு பங்கைக் கட்டினார்கள். குருவானவர் தன் பங்குக்குக் கழுத்தைக் கொடுத்தார். அது அவர் சம்மதித்துக் கொடுத்தது. அந்தப் பெண்களிடம் சம்மதம் கேட்கப்பட்டிருந்தால் அரண்மனைவரை ஒருத்தி போயிருக்கமாட்டாள். சரித்திரம் எழுதியவர்கள் அவள் முறையீட்டைப் பழிவாங்கல் என்று எழுதினார்கள். அவளுக்கு வேறு எந்த நியாய ஸ்தலம் இருந்தது என்று கேட்டுப் பார்க்கவில்லை.

மீமிசலுக்கு வடமேற்கே, உள்நாட்டில் ஆவுடையார்கோயில் இருக்கிறது. பழைய திருப்பெருந்துறை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தோடு வந்த மந்திரி, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து நின்ற இடம். மாணிக்கவாசகர் இலக்கு வைத்துப் போனது குதிரைக்கு. கிடைத்தது வேறு. தீர்மானப் பட்டியல்காரர்களுக்கு எதிராக இதைச் சொல்லி ஜெயித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கோயிலுக்குச் செலவானது பாண்டியன் கஜானாப் பணம். கிருபை தானாக வந்தபோதும் பற்று எழுதப்பட்டது இன்னொருவன் பெயரில்தான். பாண்டியனாவது கணக்குக் கேட்டான், மந்திரியைச் சிறையில் வைத்தான். புராணம் அதை மறைக்கவில்லை.

இஞ்ஞாசியாரின் கோடுகள் ஒரு மனிதனின் ஏழு நாட்களுக்கானவை. ராத்திரி விளக்கடியில் புள்ளி வைக்கும்போது, இன்று நான் திருந்தியதற்கு வீட்டில் யார் எதை இழந்தார்கள் என்று எழுத அங்கே ஒரு கோடு வேண்டும். அதில் புள்ளி வைக்கும் உரிமை நோட்டுப் புத்தகக்காரனுக்கு இருக்கக்கூடாது.

ஓரியூர் மண் சிவப்பு. குருவானவரின் ரத்தம் விழுந்து சிவந்தது என்ற நம்பிக்கையில் யாத்திரிகர்கள் ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள்.