கொடுத்தவருக்கு என்ன கடன்?

கணிப்பொறி விளையாட்டுகளில் பெரும் ஈடுபாடு கொண்ட இளைஞர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் அவர் கண்களை முழுதும் மூடிக்கொள்ளும் மெய்நிகர்க் கருவி ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டிவிட்டார். மறுகணம் நான் ஒரு மலையுச்சியின் விளிம்பில் நின்றேன். கால் இருப்பது பங்கு இல்லத்தின் தரையில்தான் என்று அறிவு சொல்லியும் முழங்கால் நடுங்கியது. கருவியைக் கழற்றியபின் அவரை மனமாரப் பாராட்டினேன். அவரோ மகிழவில்லை. "இது எங்கள் கையில் வளர்ந்த பிள்ளை சாமி. வளர்ந்ததும் எங்களைக் கேட்காமலே விற்றுவிட்டார்கள்" என்றார்.

'எங்கள்' என்று அவர் குறித்தது உலகெங்கும் உள்ள விளையாட்டு ஆர்வலர்களை. நிகழ்ச்சி நடந்தபோது அவர் பள்ளி மாணவர். ஒரு காசும் கொடுத்தவரல்லர். ஆயினும் அவருடைய ஆதங்கத்தில் ஓர் அறநெறிக் கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு பொருளின்மீது கொண்ட அன்பினால், இலாபம் கருதாது கொடுத்தவருக்குப் பெற்றவர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

இத்தகைய கருவி புதிய கனவன்று. ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர் 1968இலேயே தலையில் அணியும் காட்சிக் கருவியைச் செய்துகாட்டினார். நின்டெண்டோ நிறுவனம் 1995இல் 'வெர்ச்சுவல் பாய்' என்ற கருவியை வெளியிட்டு, விலைபோகாமையால் ஓராண்டுக்குள் கைவிட்டது. பெரிய நிறுவனங்கள் பின்வாங்கிய பின்பும் ஆர்வலர்கள் சிலர் மட்டும் விடாது முயன்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரைச் சேர்ந்த பால்மர் லக்கி. பெற்றோர் வீட்டு வண்டிக் கொட்டகையில் அவர் ஒரு கருவியை உருவாக்கினார். கைப்பேசிகளுக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்ட சிறு திரைகளும் உணரிகளும் அப்போது மலிந்திருந்தன. அகன்ற காட்சி தரும் ஆடி படத்தை வளைத்துக் காட்டும். அந்த வளைவுக்கு நேர்மாறாகக் கணிப்பொறியே படத்தை முன்கூட்டி வளைத்துவிட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். இந்த எளிய சூழ்ச்சியால் விலையுயர்ந்த ஆடிகள் தேவையற்றுப் போயின.

2012 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், லக்கி 'கிக்ஸ்டார்ட்டர்' வழியாகப் பொதுமக்களிடம் இரண்டரை இலட்சம் டாலர் கேட்டார். ஏறத்தாழ 9,500 பேர் சேர்ந்து 24 இலட்சத்துக்கு மேல் கொடுத்தனர். 300 டாலர் அளவில் கொடுத்தவர்களுக்குச் சோதனைக் கருவி ஒன்று கிடைத்தது. நிறுவனத்தில் பங்குரிமை எவருக்கும் இல்லை. அதனை அவர்கள் கேட்கவுமில்லை. ஆக்குலஸ் என்னும் அந்நிறுவனத்தை 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோதுதான் கொடுத்தவர்கள் கொதித்தெழுந்தனர். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை உருவாக்கிய மார்க்குஸ் பெர்சன் 10,000 டாலர் கொடுத்திருந்தவர். தம் விளையாட்டை அக்கருவிக்குக் கொண்டுவரும் பேச்சை அன்றே முறித்துக்கொண்டார். (அதே ஆண்டு செப்டம்பரில் அவர் தம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்டுக்கு 250 கோடி டாலருக்கு விற்க இசைந்தார். அவரை வளர்த்தவர்களும், முற்றுப்பெறாத விளையாட்டையே விலைகொடுத்து வாங்கிய ஆர்வலர்கள்தாம்! அவரைப் பழிக்கும் தகுதி எனக்கில்லை. மனித உள்ளம் அப்படிப்பட்டது.)

வணிக நீதியின்படி ஆக்குலஸ் எவருக்கும் கடன்படவில்லை. சொன்ன கருவியைக் கொடுத்தாயிற்று. ஆனால் சட்டத்தின் கடன் வேறு, நன்றியின் கடன் வேறு என்று புனித தோமா அக்வினாஸ் பிரித்துக் காட்டுகிறார். நன்றியுள்ளவர், இயன்றால் பெற்றதைவிட மிகுதியாகத் திருப்பித்தர முயல வேண்டும் என்பதும் அவர் கருத்து. குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இந்த அளவுகோலாலும் ஆக்குலஸ் தப்பிவிடுகிறது என்பதுதான் வியப்பு. 2016இல் 'ரிஃப்ட்' கருவியை 599 டாலர் விலையில் வெளியிட்டபோது, அன்று சோதனைக் கருவிக்காகக் கொடுத்தவர்களுக்கு அதனை இலவசமாகவே அனுப்பிவைத்தது. முந்நூறு கொடுத்தவருக்கு அறுநூறு மதிப்புள்ளது திரும்பி வந்தது. அப்படியிருந்தும் மனக்குறை ஏன் ஆறவில்லை?

என் குற்றம் ஒன்றையே இங்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்குமுன், வேறொரு பங்கில், கோவிலின் பழைய மர பெஞ்சுகளை விற்றுப் புதியன வாங்கினேன். காணிக்கையை அது தரப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1267ஆம் எண். அதை நான் மீறவில்லை. பெஞ்சுக்கு வந்த பணம் பெஞ்சுக்கே போயிற்று. அடுத்த ஞாயிறு, ஓலை முடைந்து சேர்த்த காசில் அவற்றுள் ஒன்றைக் கணவர் நினைவாகக் கொடுத்திருந்த பாட்டி, புதிய பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். உபயம் என்று பெயர் எழுதிவைக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டவரல்லர். மறுமொழி சொல்ல எனக்கு வாயெழவில்லை.

ஆக்குலஸ் விற்பனையில் இன்னொன்றும் உண்டு. கருவியைப் பயன்படுத்த ஃபேஸ்புக் கணக்கு தேவைப்படாது என்று 2014இல் லக்கி ஆர்வலர்களுக்கு உறுதி சொன்னார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 2017இல் அவரே அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். 2020 அக்டோபர் முதல், புதிதாகச் சேர்வோர் அனைவரும் ஃபேஸ்புக் கணக்கோடுதான் நுழைய வேண்டும் என்ற விதி வந்தது. எதிர்ப்புக்குப்பின் 2022இல் அது தளர்த்தப்பட்டு, தனிக் கணக்கு போதும் என்றாயிற்று. நிறுவனத்தை விற்றவர், தாம் கொடுத்த வாக்கைக் காக்கும் ஆற்றலையும் அதனோடு சேர்த்து விற்றுவிடுகிறார். வாக்குக் கொடுக்கும் நேரத்தில் அது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

மறுபக்கத்தையும் இளைஞரிடம் எடுத்துரைத்தேன். மெட்டா எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம் இக்கருவிகளைச் செய்யும் பிரிவில் 2023இல் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எந்த ஆர்வலர் கூட்டம் இதைத் தாங்கும்? 2020இல் 299 டாலருக்கு ஒரு கருவி கடைக்கு வந்ததே இந்தப் பணத்தால்தானே? அவர் மறுக்கவில்லை.

"சரி தம்பி, விற்பதற்குமுன் அந்த 9,500 பேரையும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டேன்.

கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சிறிது நேரம் யோசித்தார். "விற்கச் சொல்லித்தான் இருப்பார்கள் சாமி" என்றார்.