விராலிமலைக்கு ஒருநாள் பயணம்: யார் காலை வைத்து நேரம் போடுவது?



நாலு நாளா நம்ம குரூப்பில் ஒரே கேள்விதான். "அண்ணே, வர்ற கிருத்திகைக்குப் புதுக்கோட்டையிலிருந்து விராலிமலை போயிட்டு ஒரே நாள்ல திரும்பணும், பிளான் போட்டுக் கொடுங்க." ஒரு தம்பி கூடவே அஞ்சு ஊர் பேரையும் போட்டு, "இதெல்லாம் கவர் பண்ண முடியுமா?" என்று கேட்டிருந்தார். அந்த 'கவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. பிளான் தர்றேன். அதுக்கு முன்னாடி அதைச் சொல்லிடறேன்.

2018-ல் நானும் இப்படித்தான் ஒரு பிளான் போட்டேன். காலையில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், அப்புறம் சித்தன்னவாசல், குடுமியான்மலை, விராலிமலை, சாயங்காலம் கொடும்பாளூர். வேனில் ஒன்பது பேர். ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை நிமிஷம் என்று போனில் டைப் பண்ணி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். விராலிமலைக்கு நான் ஒதுக்கிய நேரம் ஐம்பது நிமிஷம்!

விராலிமலைக்கு 207 படி. எனக்கு அது பத்து நிமிஷ வேலை. எங்கள் அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. முதல் முப்பது படி ஏறினார்கள், நின்றார்கள். மறுபடி இருபது ஏறினார்கள். இடும்பன் சன்னதி வந்ததும் திண்ணை மாதிரி இருந்த இடத்தில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார்கள். நடை சாத்துற நேரம் நெருங்கிடுச்சு. நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மேலே ஆறுமுகத்தோடு மயில் மேல் சண்முகநாதர், இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானை. கும்பிட்டேன், வெளியே வந்து போட்டோ எடுத்தேன், கீழே வந்தேன். அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்கள்: "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டியாடா?"

கும்பிடலை. ஞாபகமே வரலை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டிருக்கேன். "கும்பிட்டேன்மா" என்று பொய் சொன்னேன். இடும்பன் சன்னதி வாசலில் நின்றுகொண்டு!

இடும்பன் யார்? இரண்டு மலையைக் காவடியாகத் தோளில் சுமந்து வந்தவன். நான் என் அம்மாவுக்காக ஐந்து நிமிஷத்தைக்கூடச் சுமக்காமல் அவன் எதிரிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அதுக்கப்புறம்தான் இந்த மலையின் கதைகளைத் திரும்ப ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. இந்தத் தலத்துக் கதையில் வருகிற யாருமே நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இல்லை.

அருணகிரிநாதரை எடுத்துக்குங்க. வயலூரில் இருந்தவரை "விராலிமலைக்கு வா" என்று கூப்பிட்டது முருகன்தான். கூப்பிட்டவனே வழியை நேராகப் போட்டுக் கொடுத்திருக்கலாம் இல்லையா? ஆனால் தல வரலாறு என்ன சொல்லுது? அவர் வழி தெரியாமல் திண்டாடினார். ஒரு வேடன் வந்து கூட நடந்து மலை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். அப்புறம் ஆளைக் காணோம். அந்த வேடன் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு நமக்கு மேப் வழி சொல்லுது, நல்லதுதான். ஆனால் அருணகிரியாருக்கு முருகன் கிடைத்தது சன்னதியில் மட்டும் இல்லை. வழி தவறிய இடத்தில், கூட நடந்த ஆளாகவும் கிடைத்தான்.

அடுத்தது சுருட்டுக் கதை. விராலிமலையில் சுவாமிக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. கருப்பமுத்து என்ற பக்தர் தவறாமல் இந்த மலைக்கு வருவார். ஒருநாள் வழியில் பெருமழை, ஆற்றில் வெள்ளம். தாண்ட முடியாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு சுருட்டு இருந்தால் தேவலையே என்று நின்றாராம். யாரோ ஒரு ஆள் வந்து சுருட்டும் கொடுத்து, கரையும் சேர்த்துவிட்டான். மேலே போய்ப் பார்த்தால் சுவாமி முன்னாடி சுருட்டு. பின்னால் புதுக்கோட்டை ராஜா ஒருத்தர், கோயிலில் இதென்ன பழக்கம் என்று நிறுத்தச் சொன்னதாகவும், முருகனே கனவில் வந்து "அது நடக்கட்டும்" என்று சொன்னதாகவும் கதை போகும்.

(இதைச் சொன்னதும் ஒரு தம்பி "அப்போ தம் அடிக்கலாமாண்ணே?" என்று கேட்டார். இல்லை தம்பி. குளிரில் நடுங்கினவனுக்குச் சாமி கொடுத்தது அது. உங்க பாக்கெட்டில் இருக்கிறது கடையில வாங்கினது.)

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சுருட்டு இல்லை. தாமதமாகி, நனைந்து, கரையில் மாட்டிக்கொண்ட ஒருத்தனிடம் மலையில் இருக்கிற சாமி இறங்கிப் போகிறான் பாருங்க, அதுதான். அப்போ அன்றைக்கு நான் மேலே ஓடினபோது, முருகன் மேலே இருந்தானா, இடும்பன் சன்னதித் திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தானா? எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

இன்னொருவரையும் சொல்லணும். விராலிமலை முத்துக்கண்ணம்மாள் அம்மா, 2022-ல் பத்மஸ்ரீ வாங்கிய சதிர் கலைஞர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கோயிலுக்கு விடப்பட்டு, தினமும் இந்தப் படிகளில் ஏறிப் பாடி ஆடியவர். தேவதாசி முறையைச் சட்டம் 1947-ல் நிறுத்தியது, நிறுத்தியது சரிதான். ஆனால் அந்தக் கலையை அவர் விடவில்லை. நமக்கு ஒருநாள் டிரிப்பாக இருக்கிற படி, ஒரு சிறுமிக்கு அன்றாட வேலையாக இருந்தது. ஏறும்போது மூச்சு வாங்கினால் அவரை ஒரு தடவை நினைச்சுக்குங்க.

சரி, பிளானுக்கு வருவோம்.

நம்ம ஊர் தொண்டைமான்களின் தலைநகரம். 1948 மார்ச் 3-ல்தான் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. இங்கிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை சுமார் 40 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடி கிளம்புங்க. வெயில் ஏறினால் படியில் பாதம் வைக்க முடியாது. மதியம் நடை சாத்துவாங்க, அதனால் நேரத்தை முந்தின நாளே கோயிலில் கேட்டு வச்சுக்குங்க. பையில் தண்ணீர் இருக்கட்டும், சாப்பாட்டை வெளியே தெரியற மாதிரி பிடிக்காதீங்க, குரங்குகள் உங்களைவிட நல்லா பிளான் போடும். மயிலைப் பார்த்தால் துரத்தி வீடியோ எடுக்க வேண்டாம், அது அதோட வீடு. விராலிச் செடி எது என்று உள்ளூர்ப் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்க. மலைக்குப் பேர் கொடுத்த செடியைப் பார்க்காமல் வர்றது என்ன பயணம்?

படியில் முதலில் ஏற வேண்டியது உங்க கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர். அவர் பின்னாடிதான் மத்தவங்க. அவர் நின்றால் எல்லாரும் நிற்கணும். இது ஒன்றுதான் என் கண்டிஷன்.

நேரம் மிச்சமிருந்தால் கொடும்பாளூர் மூவர் கோயில். அதுவும் ஒரு தலைநகரம்தான், இருக்குவேளிர்களுடையது. பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயிலில் இரண்டுதான் இப்போது நிற்குது, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் ஆண்ட ஊர் அது. அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் அரண்மனை நெல்லைத் திருடிய ஒருத்தரைப் பிடித்துவந்தபோது, தண்டிக்காமல், அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று பண்டாரத்தையே திறந்துவிட்டவர். அதனால் புளியோதரையைக் கூட நாலு பேருக்குச் சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போங்க. நேரம் இல்லையா, கொடும்பாளூரை விட்டுடுங்க. ஆயிரம் வருஷமா நிற்கிற கோயில், அடுத்த மாசமும் இருக்கும்.

எங்கள் வீட்டுச் சமாச்சாரம் ஒன்று. போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. மெதுவாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொன்ன பொய்யையும் போன வாரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பவே தெரியும்டா, நீ திருநீறு எனக்கு எடுத்துட்டு வரலையே" என்றார்கள்.

வர்ற கிருத்திகைக்கு நாங்கள் இரண்டு பேரும் விராலிமலை போறோம், வேறு எங்கேயும் இல்லை. "எத்தனை மணிக்குடா திரும்புவோம்?" என்று நேற்று கேட்டார்கள். "தெரியலைம்மா" என்றேன். கூட வர்றவங்க குரூப்பில் சொல்லுங்க. படியில் முதல் ஆள் எங்கள் அம்மாதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!