பங்குக் கிணறும் பாக்கு நீரிணையும்

பசித்தவன் ஒருவன் தன் பசியைக் காரணங்காட்டி, இன்னொரு பசித்தவனின் பிழைப்புக்கு ஆதாரமானதை அழிக்கலாமா? அறநூல் கற்போர் ஏட்டில் வைத்து ஆராயும் வினாவாக இது தோன்றலாம். ஊர்காவற்றுறைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் கடலிலோ இவ்வினா வலையறுந்த கயிறாகவும் சிறைக் கதவாகவும் எழுந்து நிற்கிறது. இரு கரையிலும் இதற்கு விலை கொடுப்போர் ஒரே மொழி பேசும் ஏழை மக்கள். விடை காணும் பொறுப்பு அவர்களுடையது மட்டுமன்று.

புளியங்கூடலில் வாழும் நமக்கு ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதனையே குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அளவு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் இறைத்தவன் பங்கை மட்டும் தேர்ந்து கெடுப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில், நிலத்தின் பரப்போடு கிணற்றில் இன்ன பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கக் காணலாம். பங்குடையோர் முறைவைத்து இறைப்பர். எடுக்கும் உரிமையை அவ்வுறுதி தருகிறது. கெடுக்கும் உரிமையை எந்த உறுதியும் எவருக்கும் தரவில்லை.

பொது என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். எவருக்கும் உரியதன்று என்பது ஒன்று. எல்லோருக்கும் உரியது என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டால் முந்தியவன் அள்ளிக்கொள்வான். பின்னதைக் கொண்டால் அள்ளும் அளவை எல்லோரும் கூடி வகுத்தாக வேண்டும். பங்குக் கிணறு பின்னதைச் சார்ந்தது. கடலை நாம் எவ்வாறு கொண்டோம்?

1952இல் ஐக்கிய நாடுகள் சபையும் நோர்வேயும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கேரளக் கரையில் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்துவது அதன் நோக்கம். ஆயின் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் இழுவைமடி பெரும் இலாபத் தொழிலாயிற்று. 1960களில் தமிழ்நாட்டுக் கரைக்கும் பரவியது. கனத்த பலகைகள் பூட்டிய மடி, ஆழங்குறைந்த பாக்கு விரிகுடாவின் அடியை உரசிச் செல்கையில், கடற்புல்லும் குஞ்சு மீனும் இறாலோடு ஒருங்கே அள்ளுண்டு வருகின்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எமது கடற்றொழிலாளர் தடைகளாலும் இடப்பெயர்வாலும் கடலை இழந்தனர். ஆளற்ற அக்கடலில் இழுவைப்படகுகள் பழகிவிட்டன. போர் முடிந்து மீண்டவர்கள், கடன்பட்டு வாங்கிய நண்டு வலைகளை மாலையில் விரித்துவிட்டு விடியலிற் சென்றால், அறுந்த துண்டுகளே எஞ்சும் நிலை வந்தது.

இராமேசுவரத்தார் கூறும் நியாயங்களை நாம் அலட்சியம் செய்தல் தகாது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வரைந்த எல்லைக்கோடு அவர்களைக் கேட்டு வரையப்பட்டதன்று. தந்தையர் மீன்பிடித்த கடல் என்பது மெய். ஆனால் தந்தையர் பாய்விரித்த வள்ளத்தில் சென்று எடுத்ததைக் கடல் மறுபருவத்தில் ஈடுசெய்தது. இழுவைமடி அந்த மரபுரிமையின் பேரால் நுழைய முடியாது. தொப்புள்கொடி உறவு என்பதும் மெய். உறவினன் என்பதற்காகக் கிணற்றில் உவரேற்ற எவரும் உடன்படுவதில்லை. இனி வறுமை. இழுவைப்படகில் கூலிக்கு ஏறுபவன் மெய்யாகவே ஏழை. பிடிபட்டால் சிறைக்குப் போகிறவனும் அவனே. படகின் உடைமையாளன் பெரும்பாலும் கரையில் இருக்கிறான். அத்தொழிலாளியின் பசிக்கு விடை வேண்டும். அவ்விடையை இன்னொரு ஏழையின் கலத்திலிருந்து அள்ளிக் கொடுப்பது அறமாகாது.

இதனை இந்தியர்க்கும் இலங்கையர்க்கும் இடையிலான வழக்காக மட்டும் காண்போர் பாதியையே காண்கின்றனர். இராமநாதபுரக் கரையின் நாட்டுப்படகு மீனவர் எமக்கு முன்பே இழுவைப்படகோடு மோதியவர்கள். வாரத்தில் மூன்று நாள் இழுவைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை அங்கு அம்மோதலிலிருந்தே பிறந்தது. எமது பக்கத்திலும் இழுவைமடி உண்டு. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அதனைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் உள்ளூர்ப் படகுகள் சில இழுத்தே வந்தன. அயலவன் மடியைக் கண்டிக்கும் வாய் எம்மவன் மடியைக் கண்டு மூடிக்கொண்டால், எமது பேச்சில் நீதி எங்கே? எந்தக் கொடி பறக்கிறது என்பதிலும் எந்த மடி இழுபடுகிறது என்பதே கடலுக்குப் பொருட்டு.

தீர்வுக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரும் தமிழ்நாட்டிற் கூடி, இழுவைமடியை ஓராண்டில் கைவிடுவதென்றும், அதுவரை குறித்த நாட்களில் மட்டும் தொழில் செய்வதென்றும் இணங்கினர். அரசுகள் அவ்விணக்கத்துக்கு உயிர் கொடுக்கவில்லை. 2015இல் சென்னையில் பேசியபோது, மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 83 நாள் தருமாறு தமிழ்நாட்டார் கேட்டனர், எம்மவர் இசையவில்லை. 2016இல் அரசுகள் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017இல், 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடற் படகுகளைக் கொண்டுவர இந்தியாவில் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது, மாறியவை சிலவே.

சிறிய நாடுகள் கூடிக் கடலைக் காக்க இயலாது என்பார்க்குப் பசிபிக் தீவுகள் விடை கூறும். 1982இல் நவுரு உடன்படிக்கையில் இணையத் தொடங்கிய தீவு நாடுகள், 2007 முதல் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களுக்கு ஆண்டில் இத்தனை நாள் என்று கூடி வரையறுத்தன. தனித்தனியே பேரம் பேசிச் சொற்பக் கட்டணம் பெற்றவர்கள், ஒன்றுகூடியபின் அதனைப் பன்மடங்காகப் பெருக்கினர். பங்குக் கிணற்றின் முறைதான் அது. அளவில் மட்டும் பெரிது.

பாக்கு நீரிணைக்கும் அத்தகைய முறை வேண்டும். இழுவைமடி இரு பக்கத்திலும் நிற்க வேண்டும். அதனால் வேலையிழக்கும் கூலித் தொழிலாளிக்கு, படகு முதலாளிக்கும் முன்பாக, மாற்றுத் தொழில் கிடைக்க வேண்டும். எந்த வலை, எந்தப் பருவம், எத்தனை நாள் என்பதை இரு கரைச் சிறு மீனவரும் சமமாக அமரும் சபை வகுக்க வேண்டும். எழுதுவோரும் கற்பிப்போரும் உறவின் பேரால் அநீதிக்குக் கண்மூடாமலும், நாட்டின் பேரால் பகைமைக்கு எண்ணெய் வார்க்காமலும் இதனை இரு கரையிலும் எடுத்துரைத்தல் கடன். தன் முறை முடிந்தபின் அடுத்தவன் முறைக்கு நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவனையே நாம் பங்காளி என்று அழைக்க முடியும்.