பொதுப் பூங்காவும் நம் கடமையும்

பலருக்கும் பொதுவான ஓர் இடத்தில் நமக்குள்ள பாத்தியதை எவ்வளவு, நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது நெடுநாளைய கேள்வி. கடைத்தெருவில் பிழைக்கும் நமக்கு இது புதிதன்று. 1822-ம் ஆண்டில் ராபிள்ஸ் துரை சிங்கப்பூர் நகருக்குத் திட்டம் வகுத்தபோது, கடைவீடுகளின் முன்னால் ஜனங்கள் மழையிலும் வெயிலிலும் நடந்து செல்லக் கூரையிட்ட பாதை விடவேண்டுமென்று கட்டளையிட்டார். ஐந்தடி நடை என்பது அதுவே. கட்டியவன் வீட்டுக்காரன், நடப்பவர்கள் ஊரார். நாளடைவில் அங்கே சரக்குகளை அடுக்கும் வழக்கம் வளர்ந்தது. அதிகாரிகள் அவற்றை அகற்ற முனைந்தபோது, 1888-ல் கடையடைப்பும் கலகமும் மூண்டன.

நிற்க. அதே கேள்வி இன்று பூங்காக்களில் எழுகிறது. நம்மில் பெரும்பாலோர் இப்போது கடையின் மாடியில் குடியிருப்பதில்லை. புறநகர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பூங்காவே கதி. 1988-ல் அமைந்த பீஷான் - அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்வோம். சுமார் 62 ஹெக்டேர் பரப்புள்ளது. நேரான காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை, வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012-ல் புதுப்பித்தார்கள். அங்கே பிள்ளைகள் விளையாட இடமுண்டு. முதியோர் உலாவப் பாதையுண்டு. நாய்களை அவிழ்த்துவிட வேலியடைத்த தனி இடமும் உண்டு. மற்றைய இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்லவேண்டும்.

"மனிதனுக்கே இடம் போதாத நாட்டில் நாய்க்கு ஒரு மைதானமா?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். "என் நாய் கடிக்காது, ஏன் ஒதுங்குகிறீர்கள்?" என்று நாய் வளர்ப்போர் சிலர் கேட்கிறார்கள். இரண்டிலும் பிழை ஒன்றே. தனக்கு வேண்டாதது யாருக்கும் வேண்டாம் என்கிறார் ஒருவர். தனக்குத் தொல்லையில்லாதது யாருக்கும் தொல்லையில்லை என்கிறார் மற்றவர்.

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சிலும் ஈரமும் கடும் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். இருபுறமும் உலர்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. ஹனபி இமாம்கள் அதன் எச்சிலை அசுத்தமென்பர். மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணியே. ஆக, சட்டம் நம்மைக் கழுவச் சொல்கிறது; வெறுக்கச் சொல்லவில்லை. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதென்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். நாயைக் கண்டதும் அலறுவதற்கும் கல்லெறிவதற்கும் பிள்ளைகளைப் பழக்குவது மார்க்கமாகாது.

அதே நபியவர்கள், ஜனங்கள் நடக்கும் பாதையிலும் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலென்று தடுத்தார்கள். தன் நாய் செய்த அசுத்தத்தை அள்ளாமல் போகிறவர் எந்த மதத்தவராயினும் இது அவருக்கும் பொருந்தும் நியாயமே.

2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாப் பூங்காவில், நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சியொன்று நடந்தது. நூற்றுக்கணக்கானோர் வந்தனர். முஸ்லிம்கள் பலரும் அதில் கலந்துகொண்டதால் பெரும் சர்ச்சை மூண்டது. நாயைத் தொடுவதா கூடாதா என்று வாதித்தவர்கள் அநேகர். ஒரே பூங்காவுக்கு வரும் இருவர் ஒருவரையொருவர் எப்படி மதிப்பது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

வேலி போட்டால் மனிதர்கள் பிரிந்துவிடுவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திலும் நியாயமுண்டு. ஆயினும் தொழுகைக்குப் போகும் உடையோடு கவலையின்றி நடக்கவும், நாய் வளர்ப்பவர் அதனைக் கவலையின்றி ஓடவிடவும் அந்த வேலி உதவுகிறது. நமக்குப் பயம் பல்லைப் பற்றியதன்று, உடலின் சுத்தத்தையும் உடையின் சுத்தத்தையும் பற்றியது என்று சொன்னாலன்றி, அவருக்கு எப்படித் தெரியும்? முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினால், அவர் அதை இழிவாகவே எடுத்துக்கொள்வார். கடைக்கு நாயோடு வரும் வாடிக்கையாளரை நாம் விரட்டுகிறோமா? வாசலில் நிற்கச் சொல்லி, சாமானை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவரும் சந்தோஷமாக வாங்கிச் செல்கிறார். கடையில் காட்டும் இந்த இதம் பூங்காவில் ஏன் கூடாது?

இன்னொன்றும் யோசிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாகனங்கள் நெருங்கி நிற்கின்றன. மற்ற மதத்து அண்டைவீட்டார் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொது இடத்தில் நமக்காகப் பிறர் ஒதுங்கும்போது அதை உரிமையென்று எண்ணி, பிறருக்காக நாம் ஒதுங்கும்போது அதை நஷ்டமென்று எண்ணினால், அது இரண்டு படிக்கல் வைத்து வியாபாரம் செய்வதற்குச் சமானம். அளவில் மோசம் செய்வோருக்கு அல்லாஹுத்தஆலா விடுத்த எச்சரிக்கை, அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா?

ஆகவே சகோதரர்களே, நாய் மைதானத்தைக் குறைகூறுவதை விடுவோம். பாதையில் கயிறின்றி நாய் வந்தால், காரணத்தைச் சொல்லிப் பணிவாகக் கேட்போம். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து நமக்கு வழிவிடும் மனிதருக்கு நன்றி சொல்வோம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.