யாருடைய இடத்தில் உங்கள் பெட்டி?



30 அடி நீளமுள்ள ஒரு சின்னப் பாய்மரப் படகு. அதில் 4 பேர். கிரேக்க நாட்டின் மேற்குக் கரையோரம், அயோனியன் கடலில், தீவு தீவாக ஒரு வாரம் விடுமுறைப் பயணம். இப்படிப் புறப்படுகிறவர்கள் மனதில் ஒரு கேள்வி எழும்பும். "என் பெட்டி, என் சாமான். அதில் நான் எதை வைத்தால் மற்றவனுக்கு என்ன?"

வீட்டில் அது நியாயம்தான். படகிலும் நியாயமா? நான் இதை வெகுவாய் யோசித்துப் பார்த்தேன். நியாயமில்லை என்றே சொல்லுவேன்.

ஏன் தெரியுமா? அந்தப் படகில் பெரிய அலமாரி கிடையாது. இருக்கைக்கு அடியிலும் படுக்கைக்கு அடியிலும் உள்ள சிறு அறைகள்தான் உண்டு. மடங்காத பெட்டியைக் கொண்டுவந்தால், துணியையெல்லாம் எடுத்த பிறகும் அது அதே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அது யாருடைய இடம்? அடுத்தவன் கால் நீட்டிப் படுக்கவேண்டிய இடம்! அதனால்தான் சுருட்டி வைக்கத்தக்க துணிப்பை கொண்டுவரச் சொல்லுகிறார்கள். தகரடப்பாவின் காகித லேபிள்கூட ஈரத்தில் உரிந்து, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பை அடைத்துவிடக்கூடும். ஒரு துண்டுக் காகிதம்! ஆபத்தோ எல்லாருக்கும்.

"இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்கிறோமே, அந்த ஒரு வார்த்தையில்தான் நம்மில் அநேகருடைய பாரம் பெருகுகிறது.

அப்படியானால் வெறுங்கையாய்ப் போவதுதான் உத்தமமா? ஜாக்கிரதை! "நான் எளிமையானவன், எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று வந்துவிட்டு, ராத்திரி குளிரில் அடுத்தவன் ஸ்வெட்டரை வாங்கிப் போடுகிறவனும் பாரம்தான். தினமும் சாப்பிடும் மாத்திரையை ஒருவன் விட்டுவந்தால், 4 பேரும் வழியை மாற்றி மருந்துக்கடை உள்ள துறைமுகத்தைத் தேடவேண்டும். அவனுடைய எளிமைக்கு விலை கொடுத்தது யார்?

ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 1895 முதல் 1898 வரை சுமார் 37 அடிப் படகில் உலகத்தைச் சுற்றிவந்தார். தன்னந்தனியாக அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவரே. தன்னுடைய அருமையான கடல் கடிகாரத்தைப் பழுதுபார்க்க 15 டாலர் ஆகும் என்றதும், அதை விட்டுவிட்டு, முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை 1 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அதுவே போதுமாயிருந்தது. ஆனால் தென் அமெரிக்காவின் தென்கோடியில், அந்தக் கடலை அறிந்த ஒரு கப்பல் தலைவர் ஒரு பை நிறையக் குட்டி ஆணிகளைக் கொடுத்தார். எனக்கு எதற்கு என்று முதலில் நினைத்தவர், அனுபவஸ்தன் பேச்சைக் கேட்டு எடுத்துக்கொண்டார். ஒரு ராத்திரி அவற்றை மேல்தளத்தில் பரப்பிவிட்டு உள்ளே தூங்கினார். கொள்ளையிட வெறுங்காலோடு ஏறினவர்கள் அலறிக்கொண்டு ஓடிப்போனார்கள்!

பார்த்தீர்களா? எதை எடுப்பது, எதை விடுவது என்பதை நம் ஆசையும் தீர்மானிக்கக்கூடாது, நம் பெருமையும் தீர்மானிக்கக்கூடாது.

ஸ்லோகம் தனி ஆள். அவர் சுமையும் குறைவும் அவரோடு. நாமோ தனியாகப் போகவில்லையே! ஆகவே பையை மூடுமுன் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துக் கேளுங்கள்: இதை எடுத்தால் யாருக்கு இடம் குறையும்? இதை விட்டால் யாரிடம் கை நீட்டுவேன்?

பதிலில் இன்னொருவர் முகம் தெரிகிறதா? அப்படியானால் அது உங்கள் சொந்த விஷயம் அல்ல.