எதிர்முள்

கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த தங்கச்சி மகன், தூண்டில் சாமான் வாங்க வேண்டும் என்று கஹவத்தை டவுனுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். ரொட், ரீல், தங்கூசி, மிதவை, ஈயக்குண்டு என்று ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தான். நான் முள் பெட்டியோடு நின்றுவிட்டேன்.

ஒரு முள்ளை விரல்நுனியில் வைத்துப் பார்த்தால் தெரியும். கூர்முனைக்குச் சற்றுக் கீழே, திரும்பிப் பார்த்தபடி ஒரு சின்னச் சிராய். எதிர்முள். குத்துவதற்கு அது தேவையே இல்லை. குத்தியது கழன்று போய்விடக் கூடாது என்பதற்காகவே வைத்தது.

அப்பா ரப்பர் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் வே கங்கைக் கரையில்தான் இருப்பார். மூங்கில் கம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய மிதவை, காலையில் மிஞ்சிய ரொட்டிமாவு உருண்டை. முள் மட்டும் பார்த்துப் பார்த்து வாங்குவார். முள்ளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறுக்கும். 12ஐ விட 6 பெரிது. அவர் 6ஐ எடுப்பார். "குஞ்சு வாயிக்கு இது நுழையாதுடா. குஞ்சப் புடிச்சு ஏழு பேரு திங்க முடியுமா?" வயிற்றுக் கணக்குத்தான். ஆனால் எது சாக வேண்டும், எது தப்ப வேண்டும் என்பதை ஆற்றுக்குப் போகும் முன்பே, கடையில் நின்று தீர்மானித்துவிட்டார்.

"நான் திங்கவா போறேன் மாமா? புடிச்சு, போட்டோ எடுத்து, விட்டுருவேன். அதுல பாவமே இல்லையே" என்றான் மருமகன்.

கடை முதலாளி சிரித்தார். சிங்களவர், பௌர்ணமிப் போயா அன்று அந்த முள் பெட்டியின் மேல் பத்திரிகைத் தாளை விரித்துவிடுகிறவர். அரசாங்கமே ஒருமுறை அப்படித் தாள் விரித்திருக்கிறது. கொல்வதற்காக மீன் வளர்ப்பதா என்ற பௌத்த மனச்சங்கடம் பின்னணியில் இருக்க, 1990இல் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. 1994இல் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியிலும் குளத்துத் திலாப்பியாவை ஜனங்கள் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

பிடித்து விடுவதற்கு நம்மிடம் பெரிய முன்மாதிரி உண்டு: நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார். வலையில் முதலில் விழும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். நாளுக்கு ஒரே மீன் விழுந்த பஞ்ச காலத்திலும் அதையே விட்டுப் பட்டினி கிடந்தார். ஆனால் அவர் விட்டது தன் சோற்றை. மருமகன் விடப்போவது அவனுக்குத் தேவையே இல்லாத ஒன்றை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. பசிக்காகக் கொல்வதற்கு ஏதாவது பதில் சொல்லலாம். இன்னொரு உயிரின் பதற்றத்தைப் பொழுதுபோக்காக்குவதற்கு என்ன சொல்வது? சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. எதிர்முள் வைத்த தூண்டிலுக்கும் பொதுவாகத் தடைதான். எங்கள் அப்பாவுக்கு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

நான் ஒன்றும் சைவம் இல்லை. இதை எழுதும்போதுகூட அடுப்பில் கருவாடு கொதிக்கிறது. அதனால் பிரசங்கம் செய்யாமல், 6ஆம் நம்பர் முள் ஒரு பக்கெட் வாங்கி, வீட்டுக்கு வந்து குறட்டால் எதிர்முள்ளை ஒவ்வொன்றாய் நசுக்கிக் கொடுத்தேன்.

"இப்ப கழண்டு போயிருமே மாமா!"

"போகட்டும்."

சாயங்காலம், தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய மாணிக்கக் குழியில் மூன்று திலாப்பியா கடித்தன. இரண்டு துள்ளித் தாமாகவே கழன்றன. மூன்றாவது கரைக்கு வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். போனைத் தேடவில்லை.

"அத்தைகிட்ட புளி இருக்குமா மாமா?"